கார்ட்டூன் பதிவுகளில் மினுமினுப்பு: டீஇன்டர்லேஸுக்கு முன்னால் பார்க்க வேண்டியது

மதுரையில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோக்களில்தான் பழைய விஎச்எஸ் கேசட்டுகளையும் கொடுத்து மாற்றுகிறோம். டிவியிலிருந்து பதிந்த கார்ட்டூன் கேசட்டைக் கொடுத்தாலும், கல்யாண வீடியோவுக்குப் போடும் அதே டீஇன்டர்லேஸ்தான் (கோடு விட்டுக் கோடு பிரிந்த வீடியோவை முழுப் படமாக்குவது) பல நேரம் விழுகிறது. அங்கேயே படம் கெட்டுவிடுகிறது.

கல்யாண கேமரா நொடிக்கு 50 ஃபீல்டு எடுத்தது. ஃபீல்டு என்பது ஒற்றைப்படை அல்லது இரட்டைப்படைக் கோடுகள் மட்டும் கொண்ட அரைப்படம். ஒவ்வொன்றும் வேறு கணம். கார்ட்டூன் பெரும்பாலும் ஃபிலிமில் 24 ஃபிரேமாக எடுக்கப்பட்டு, பிஏஎல் (நம் ஊர் டிவி முறை) ஒளிபரப்புக்காக 25 ஆக ஓட்டப்பட்டது. முழுப் படம் இரண்டு ஃபீல்டாகப் பிரிந்து கிடக்கிறது, அவ்வளவுதான். சரியான ஜோடியைச் சேர்த்தால் போதும். யாடிஃபோ பிவ்டிஃபோ (பொதுவான டீஇன்டர்லேஸ் வடிகட்டிகள்) போட்டால் பாதிக் கோடுகளை ஊகித்து நிரப்பும்; புருவம், மீசை போன்ற மெல்லிய கருப்புக் கோடுகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் துள்ளும்.

எனவே முதலில் அவிசிந்த் என்ற வீடியோ ஸ்கிரிப்ட் மென்பொருளில் ஃபீல்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். பின்னணி நகரும் காட்சியாகத் தேர்ந்தெடுங்கள். பேசும் காட்சியில் ஒரே ஓவியம் இரண்டு ஃபிரேமுக்கு நிற்பதால் கணக்கு புரியாது. ஃபீல்டுகள் இரண்டிரண்டாக ஒத்திருந்தால் பிஏஎல் ஃபிலிம்: ஜோடி சேர்க்கும் வடிகட்டிகளான அவிசிந்தின் டிஎஃப்எம் அல்லது எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் ஃபீல்டுமேட்ச் போதும். ஒரு ஃபீல்டு தள்ளி ஜோடி சேர்ந்து எங்கும் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தாலும் இதுவே முழுதாகச் சரிசெய்யும். மூன்று, இரண்டு என மாறி மாறி வந்தால் என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பான் டிவி முறை) டெலிசினி, அதாவது 24 ஃபிரேம் ஃபிலிமை நொடிக்குச் சுமார் 60 ஃபீல்டாக நீட்டியது. ஃபீல்டுமேட்ச் முடிந்தபின் டெசிமேட் போட்டு ஐந்தில் ஒரு ஃபிரேமை நீக்க வேண்டும். அதே டெசிமேட்டை பிஏஎல் பதிவுக்குப் போட்டால் அசைவு தடுக்கும். இரண்டு படம் ஒன்றன்மேல் ஒன்று மங்கலாகத் தெரிந்தால் அது என்டிஎஸ்சியிலிருந்து பிஏஎல்லுக்கு மாற்றியது. கியூடிஜிஎம்சி (அவிசிந்தின் டீஇன்டர்லேஸ் ஸ்கிரிப்ட்) மூலம் நொடிக்கு 50 ஃபிரேமாக்கி, கலந்த படங்களை நீக்கும் எஸ்ரீஸ்டோர் போடுவதே வழி. பிரித்துப் பார்க்கும்போது அசைவு முன்னும் பின்னும் போனால் ஃபீல்டு வரிசை தவறு. கேம்கார்டரின் டிஜிட்டல் வீடியோ வடிவக் கோப்பில் கீழ் ஃபீல்டு முதலில் என்பதை மறக்க வேண்டாம்.

லோக்கல் கேபிள் சேனல் பதிவு என்றால் அடியில் ஓடும் விளம்பரப் பட்டை தொல்லை தரும். அது 50 ஃபீல்டு வேகத்தில் ஓடுவதால் ஜோடி தேடும் கணக்கையே குழப்பும். ஜோடி சேர்க்கும் வடிகட்டியின் ஒய்0, ஒய்1 மதிப்புகளில் அந்த வரிகளைக் குறித்து விலக்குங்கள். வெட்டுவதானால், ஜோடி சேர்க்கும் முன் உயரத்தை நான்கின் மடங்காகவே வெட்டுங்கள். இல்லையென்றால் 4:2:0 நிறம் (இரண்டு வரிக்கு ஒரு நிற வரி என்று சேமிப்பது) தவறான ஃபீல்டில் ஒட்டும். 576 வரிகளை எடிட்டிங்கில் முதலிலேயே 1080 ஆக்கிக் கொடுத்திருந்தால் ஃபீல்டுகள் கலந்துவிட்டன, பிரிக்க முடியாது. மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

ஜோடி சேர்ந்தபிறகும் மினுமினுத்தால் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். நிற எல்லையில் புள்ளிகள் ஊர்ந்தால் அது நிறமும் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்து வரும் காம்போசிட் சிக்னலின் டாட் கிரால். அளவு மாற்றும் முன்பே அதை நீக்கும் டீடாட் வடிகட்டியைப் போட வேண்டும். ஏற்கெனவே யாரோ மோசமாக டீஇன்டர்லேஸ் செய்து, சாய்ந்த கோடுகள் படிக்கட்டாக ஆடினால் கியூடிஜிஎம்சியில் இன்புட்டைப் என்ற மதிப்பை 2 ஆக வையுங்கள். லேசான மினுமினுப்புக்கு 1 போதும். டிஆர்2 மதிப்பை ஏற்றினால் இன்னும் அடங்கும், ஆனால் நுண்கோடுகளும் மங்கும். அது பக்கத்து ஃபிரேம்களைக் கலப்பதால், கார்ட்டூனின் பெரிய தாவல்களில் முந்தைய ஓவியத்தின் நிழல் ஒட்டலாம். வாய் அசைவிலும் ஓட்டத்திலும் நிறுத்தி நிறுத்திச் சரிபாருங்கள். நிழல் தெரிந்தால் கொஞ்சம் மினுமினுப்பு இருப்பதே மேல்.

கடைசியாகச் சுருக்கும்போது எக்ஸ்264-இல் (எச்.264 என்கோடர்) டியூன் அனிமேஷன், சிஆர்எஃப் (தர அளவு; எண் குறைந்தால் தரம் கூடும்) 18 நல்ல தொடக்கம். 720×576 அப்படியே இருக்கட்டும். எஸ்ஏஆர் (ஒரு பிக்சலின் அகல-உயர விகிதம்) 16:15 எழுதினால் 4:3 ஆகத் தெரியும். 10 பிட் நிற ஆழம் வானத்தில் தெரியும் நிறப் பட்டைகளைக் குறைக்கும், ஆனால் பல டிவிகள் யுஎஸ்பியில் 10 பிட் எச்.264-ஐ ஓட்டாது.

கியூடிஜிஎம்சி மெதுவானது, சித்திரை வெயிலில் லேப்டாப் சூடேறி இன்னும் இழுக்கும். வடிகட்டியதை ஒருமுறை எஃப்எஃப்வி1-ஆக (தரம் குறையாத சுருக்கம்) எம்கேவியில் எழுதிவிட்டு, சிஆர்எஃப் சோதனைகளை அதிலிருந்து செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் எம்கேவியில் அதுவரை எழுதியது ஓடும். பாதியில் நின்ற எம்பி4 பெரும்பாலும் திறக்கவே திறக்காது.