வாத்தியாரம்மாவின் புது நாடகம்: ஒத்திகை நாட்குறிப்பு

மாசி 20, செவ்வாய். பள்ளத்தூர் (காரைக்குடிப் பக்கம்)

கையெழுத்துப் பிரதி இன்று முடிந்தது. 40 பக்க நோட்டில் 36 பக்கம் வசனம், ஒன்பது பாட்டு, ஐந்து விருத்தம் (தாளமில்லாமல் ராகத்தில் பாடும் செய்யுள்). வாத்தியாரம்மா நேரத்தை இப்படித்தான் எண்ணுவார்: அவர் கையெழுத்தில் ஒரு பக்கம் ஒன்றரை நிமிடம், பாட்டுக்கு நான்கு நிமிடம், விருத்தத்துக்கு இரண்டு. 54, 36, 10. ஆக 100 நிமிடம். ஊர்க் கமிட்டி கொடுத்திருப்பது இரவு எட்டு மணியிலிருந்து ஒன்பதே முக்கால் வரை. பத்து மணிக்கு வழக்கமான வள்ளி திருமணம் மேடை ஏறிவிடும், அது விடியவிடிய நடக்கும். புது நாடகம் ஐந்து நிமிடம் மிஞ்சினால் சனம் பொறுக்கும், பதினைந்து மிஞ்சினால் விசில்தான்.

வாத்தியாரம்மா பதினாறு வயதில் டான்ஸ், பத்தொன்பதில் ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேஷம்), அதன்பின் நாற்பத்து மூன்று வரை வள்ளி, பவளக்கொடி, சாவித்திரி. இந்த மேடையில் 'வாத்தியார்' என்பது சும்மா மரியாதைப் பேர் இல்லை. பாட்டு எழுதி, வசனம் எழுதி, பாடம் சொல்லிக்கொடுத்து, யார் எங்கே நிற்பது என்று முடிவு செய்கிற ஆள் அவர். சங்கரதாஸ் சுவாமிகள் அப்படித்தான் இருந்தார். கும்பகோணம் பாலாமணி அம்மாள் அந்தக் காலத்திலேயே பெண்களை வைத்து சொந்தக் கம்பெனி நடத்தினார். ஆனாலும் ஸ்திரீபார்ட்டாக இருந்தவர் வாத்தியாராக மாறுவதை இந்தப் பக்கத்தில் லேசில் பார்க்க முடியாது.

கதை பர்மா பற்றியது, ஆனால் பர்மா மேடைக்கு வரவே வராது. ரங்கூன் கடையில் மேலாளாக (பொறுப்பாளராக) மூன்று வருடக் கணக்குக்குப் போன புருஷன், வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) காத்திருக்கும் ஆச்சி, மூன்று கடிதம், ஒரு தந்தி. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் முதல் குண்டு விழுகிறது, அடுத்த மார்ச்சில் ஊரே ஜப்பான்காரன் கைக்குப் போகிறது. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் கதை முடிந்துவிடும். கப்பல் செட்டிங் வரையக் காசில்லை என்பதும் ஒரு காரணம்தான்.

மாசி 24, சனி

சுருதிச் சண்டை. (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதி உயரம்.) புது ஸ்திரீபார்ட்டுக்கு ஐந்தரைக் கட்டை, ராஜபார்ட்டுக்கு (கதாநாயகனுக்கு) நாலு. தனித்தனியாகப் பாடும்போது கவலையில்லை. தர்க்கப் பாட்டில் இருவரும் ஒரே சுருதியில் மாறிமாறிப் பாட வேண்டும். வழக்கமாக ராஜபார்ட்தான் அவள் சுருதிக்கு ஏறுவார், மூன்றாவது பாட்டில் தொண்டை கட்டிக்கொள்ளும். வாத்தியாரம்மா ஐந்தில் நிறுத்தினார். பிறகு மெட்டில் கை வைத்தார்: ராஜபார்ட் வரிகள் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து (ப) நடுப் பஞ்சமத்துக்குள் அடங்கும், அவள் வரிகள் நடு ஸட்ஜமத்திலிருந்து (ஸ) மேல் ஸட்ஜமம் வரை. இரண்டு பேருமே அவரவர் வசதியில் பாடுகிறார்கள். கேட்பவர்களுக்கு அவன் தணிந்து பேசுவது போலவும் அவள் எகிறிப் பேசுவது போலவும் இருக்கிறது. கதைக்கும் அதுதான் வேண்டும்.

மிருதங்கத்தைப் பற்றி ஒன்று. ஐந்துக்கும் ஐந்தரைக்கும் ஒரே மிருதங்கத்தைக் கல்லும் மரக்கட்டையுமாகத் தட்டிச் சமாளிக்கலாம். நாலுக்கும் ஐந்தரைக்கும் முடியாது, இரண்டாவது மிருதங்கம் வேண்டும், அதற்குத் தனி வண்டி வாடகை. சுருதியை முதலிலேயே முடிவு செய்தால் அது மிச்சம்.

இன்று மதியம் பார்த்தது: இரண்டாவது பாட்டின் பல்லவி "கடுதாசி கண்டீரோ" என்று இருந்தது. மேல் ஸட்ஜமம் சரியாக 'டீ' மேல் விழுகிறது. அந்த உயரத்தில் 'ஈ' வந்தால் வாய் குறுகும், குரல் கீச்சிடும். அவரே ஒருமுறை பாடிப் பார்த்தார், இப்போது அவர் குரல் நாலரைதான், எட்டவில்லை. ஆனால் எங்கே இடிக்கிறது என்று தொண்டைக்குத் தெரிந்துவிட்டது. "ஓலை வந்தாச்சோ" என்று மாற்றினார். 'தா'வில் வாய் தானாகத் திறக்கிறது. பேனா பிடித்துப் பழகியவர்கள் பொருளைப் பார்த்து வார்த்தை மாற்றுவார்கள். இவர் தாடையைப் பார்த்து மாற்றுகிறார்.

பங்குனி 2, சனி

பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) ஒத்திகை. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறு ஊர். ராத்திரி ஒன்பது மணிக்குக் கொட்டகைக்குப் பின்னால் சந்தித்து பத்து மணிக்கு மேடை ஏறுவார்கள். எல்லோருக்கும் வள்ளி திருமணம் மனப்பாடம் என்பதால் அது நடக்கிறது. புது நாடகத்துக்கு அது உதவாது. ஐந்து நாள் ஒத்திகைக்கு ஆளுக்கு அரைச் சம்பளம் பேசியிருக்கிறார் வாத்தியாரம்மா, இல்லாவிட்டால் யாரும் டேட்டை (வேறு ஊரில் ஒப்புக்கொண்ட நாடகத்தை) விட்டுவிட்டு வரமாட்டார்கள்.

முழுப் பிரதியை யாருக்கும் கொடுப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் பாடம் மட்டும் தனி நோட்டில், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் எதிராளியின் கடைசி இரண்டு வார்த்தை. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இன்று மாமியாராக நடிப்பவர் ஏழாம் பக்கத்திலிருந்து நேராகப் பத்தாம் பக்கத்துக்குத் தாவினார். காரணம், இரண்டு இடத்திலும் எதிராளி முடிப்பது "வரலையா ஆத்தா" என்று. கிட்டத்தட்ட மூன்று பக்க வசனம் காணாமல் போனது, யாரும் கவனிக்கவும் இல்லை! வாத்தியாரம்மா உட்கார்ந்து நாடகம் முழுக்க முடிப்பு வார்த்தைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினார். ஒன்றுபோல இருந்தவை நான்கு ஜோடி, நான்கையும் மாற்றியாயிற்று.

பங்குனி 5, செவ்வாய்

மழை தூறல், ஆள் சேரவில்லை. ஆர்மோனியத்துக்குத் துருத்தி ஒட்டினோம்.

பங்குனி 9, சனி. பொட்டல்

மேடை அளக்கப் போனோம். 20 அடி அகலம், 16 அடி ஆழம், 4 அடி உயரம். ஊர்ச் சனம் மேடைக்கு ஆறடி தள்ளி மண்ணில் சாக்கு விரித்து உட்காரும். அப்படி உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கும். வாத்தியாரம்மா அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏத்தா, தடுக்கை விரிச்சு ஒக்காரு, பாப்போம்" என்றார். புது ஸ்திரீபார்ட் நடுத்திரைக்கு முன்னால், விளிம்பிலிருந்து எட்டடி உள்ளே உட்கார்ந்தாள். தலை மட்டும் தெரிந்தது. தடுக்கும் தெரியவில்லை, மடியில் இருக்கும் கடிதமும் தெரியவில்லை. எட்டடி உள்ளே போனால் தரையிலிருந்து இரண்டடி மறைந்துவிடும். இரண்டடிக்குள் உட்கார்ந்தால் மறைவது அரையடிதான்.

ஆகவே கடிதக் காட்சி மூன்றும் விளிம்புக்கு வந்தாயிற்று. ஆனால் விளிம்பில் மைக் ஸ்டாண்டு நிற்கிறது, முகத்தை மறைக்கிறது. ஸ்டாண்டை இரண்டடிக்கு இறக்கி ஓரத்துக்குத் தள்ளினோம். காலர் மைக் வேண்டாம் என்றுவிட்டார். பங்குனிப் புழுக்கத்தில் அரை மணியில் வியர்வை இறங்கும், பட்டு உரசினால் கரகரவென்று கேட்கும்.

பங்குனி 13, புதன்

உடை மாற்றம். ஆச்சி முதல் பாதியில் கண்டாங்கி, பின்கொசுவம் வைத்துக் கட்டு. கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கடைகளில் விலை ஏறிவிட்டது, அதனால் பழைய புடவை இரண்டு இரவல். முறையாகக் கட்ட ஏழு நிமிடம் ஆனது. கொசுவத்தை முன்கூட்டியே மடித்து நாடாவில் தைத்து வைத்தால் ஒன்றரை நிமிடம்தான். ஆனால் ஐந்தரை மீட்டரும் முதலில் அவிழ வேண்டுமே. அவிழ்க்க, மடிக்க, முகம் துடைக்க என்று மொத்தம் நான்கு நிமிடம்.

அந்த நான்கு நிமிடத்துக்காகவே தபால்காரர் காட்சி எழுதப்பட்டது. பபூனே தபால்காரர். பழைய வாத்தியார்கள் பபூனை நடுவில் விட்டதற்குக் காரணம் சிரிப்பு மட்டும் இல்லை, பின்னால் யாரோ ஒருத்தி அவசரமாகச் சேலை கட்டிக்கொண்டிருப்பாள். வாத்தியாரம்மா இருபத்து நாலு வருடம் அந்தப் பக்கத்தில் நின்றவர், ஊக்கு குத்தாமல் மேடைக்கு ஓடியவர்கள் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும்.

பள்ளத்தூர் என்றால் நாடகக்காரர்கள் மனோரமாவைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 'பள்ளத்தூர் பாப்பா' என்று இந்த ஊர்ப் பேரோடுதான் மேடையில் அறியப்பட்டார். இன்று பபூன் அண்ணன் அதைச் சொல்லப்போய் ஒரு மணி நேரம் ஒத்திகை நின்றது.

பங்குனி 17, ஞாயிறு

ஒப்பனைச் சோதனை. பழைய முறையில் முத்துவெள்ளையை (முகத்தில் பூசும் வெள்ளைப் பொடி) தேங்காய் எண்ணெயில் குழைத்து, ரோஸ் சேர்த்து, மேலே பவுடர். குண்டு பல்ப் வெளிச்சத்தில் அது பொன்னாகத் தெரிந்தது. இப்போது பந்தல்காரர் கொண்டுவருவது வெள்ளை எல்இடி, அதன் கீழே அதே ரோஸ் சாம்பல் பூத்த ஊதா, முகம் காய்ச்சல் கண்ட மாதிரி. ரோஸைப் பாதியாகக் குறைத்து மஞ்சள் கலந்தோம். முன்பக்கம் இரண்டு விளக்கை மட்டும் மஞ்சள் வெளிச்சத்துக்கு மாற்றச் சொன்னோம், பின்னால் வெள்ளையே இருக்கட்டும். எண்ணெய் கூடினால் தாடையோரம் வழியும், குறைந்தால் பேசும்போது வாயோரம் வெடிக்கும்.

பங்குனி 19, செவ்வாய்

நோட்டீஸ். அச்சகத்தில் அச்சுக்கூடு தயாராகவே இருக்கிறது: நடுவில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும், சுற்றி பபூன், டான்ஸ், நாரதர், கீழே ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு (மற்ற தாளக் கருவிகள்), எல்லோருக்கும் படம், செல் நம்பர். எழுதியவருக்குக் கட்டம் இல்லை. புதிதாக ஒன்று போடலாமே என்றதற்கு வாத்தியாரம்மா மறுத்துவிட்டார். நோட்டீஸில் படம் இருந்தால் அந்த ஆளுக்கு டேட் காலி இருக்கிறது என்று அர்த்தம், ஆறு ஊரிலிருந்து வள்ளி வேஷத்துக்குக் கூப்பிடுவார்கள். படம் இல்லாமல், பேர்களுக்கு மேலே ஒரு வரி: 'கதை, வசனம், பாட்டு, பயிற்சி'. எழுத்தளவு மட்டும் ராஜபார்ட் பேர் அளவுக்கு இருக்க வேண்டும் என்றார். அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

பங்குனி 24, ஞாயிறு. இரவு

எட்டு மணி என்று சொல்லி எட்டு இருபதுக்குத்தான் திரை ஏறியது. முதல் கடிதம் நன்றாகப் போனது, விளிம்புக்கு வந்தது பலித்தது. தர்க்கப் பாட்டில் ராஜபார்ட் பழக்கதோஷத்தில் மேலே ஏறப் பார்த்தார். ஆர்மோனியக்காரர் கீழ்ப் பஞ்சமத்தை அழுத்திப் பிடித்து இறக்கினார்.

தபால்காரர் காட்சி நான்கு நிமிடம் ஓட வேண்டியது, ஒன்பது நிமிடம் ஓடியது. சனம் சிரிக்கச் சிரிக்க பபூன் நீட்டினார். உள்ளே சேலை கட்டி முடித்து ஐந்து நிமிடமாக அவள் நிற்கிறாள், வெள்ளை ஈரம் காய்ந்து வாயோரம் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. வாத்தியாரம்மா படுதா ஓரத்தில் கை காட்டினார், பார்க்கவில்லை. பிறகு ஆர்மோனியக்காரருக்குச் சைகை. அவர் அடுத்த விருத்தத்தின் புன்னாகவராளியை மெதுவாக எடுத்தார். அந்த ராகம் கேட்டதும் கூட்டத்தின் சிரிப்பு தானாக அடங்கியது. பபூன் வாக்கியத்தைப் பாதியில் விட்டு, தந்தியை நீட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றினார். எழுதியதை விட அது நன்றாக இருந்தது.

முடிந்தது பத்து ஏழு.

பங்குனி 25, திங்கள்

திருத்தம். தபால்காரர் காட்சிக்கு ஏழு நிமிடம், அதற்கு ஈடாக மாமியார் பேசும் 21, 22ஆம் பக்கங்கள் வெட்டு. புன்னாகவராளி பபூன் பேச்சின் அடியிலேயே தொடங்கும் என்று ஆர்மோனிய நோட்டில் எழுதியாயிற்று, தொப்பி கழற்றுவதும். முத்துவெள்ளையில் எண்ணெய் இன்னும் இரண்டு சொட்டு. அடுத்த டேட் தேவகோட்டைப் பக்கம், சித்திரை 6. அங்கே மேடை மூன்றடிதான் உயரம் என்கிறார்கள், நேரில் போய் அளக்க வேண்டும்.