பக்கவாதத்துக்குப் பிறகு பெரியம்மாவுக்கு இடம் பார்த்த கதை

அம்மாபேட்டையில் எங்கள் பெரியம்மாவைத் தெரியாத வீடு அந்தத் தெருவில் இல்லை. பட்டுத் தறியிலேயே காலம் போனவர். யார் வீட்டில் உடம்புக்கு முடியவில்லை என்றாலும் கஞ்சி வைத்துக் கொண்டுபோவதும், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் அவர்தான். அவருக்கே 72 வயதில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது, வார்த்தை வர நேரம் பிடிக்கிறது.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் காப்பாற்றிக் கொடுத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "முதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம். இப்ப கொடுக்கற பயிற்சிக்குத்தான் அதிகமா திரும்பி வரும். வீட்டுல கொண்டுபோய் படுக்க வெச்சுடாதீங்க."

வீட்டில் வைத்துப் பார்க்க வழி இருந்ததா என்றால், இல்லை. பெரியம்மா மகன், என் அண்ணன், பெங்களூரில் இருக்கிறார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அண்ணி வேலைக்குப் போகிறவர். என் அம்மாவுக்கு மூட்டு வலி, அவரே சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் போனால் திரும்ப ராத்திரி எட்டு மணி. ஆள் வைத்தாலும் பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர் வேண்டும், பிசியோதெரபிக்குத் தனியாக ஒருவர் வர வேண்டும். அதனால் சில மாதங்களுக்கு, தங்க வைத்துப் பயிற்சி கொடுக்கும் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்தோம்.

உடனே சொந்தக்காரர்கள் வாயைத் திறந்தார்கள். "பெத்த புள்ள இருக்கறப்பவே ஹோம்ல கொண்டுபோய்த் தள்ளப் போறீங்களா?" என்று சித்தப்பா நேராகவே கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பதில் சொன்னேன். "சித்தப்பா, கால் ஒடிஞ்சா கட்டுப் போட ஆஸ்பத்திரியில சேர்க்கறோம் இல்லையா, இதுவும் அப்படித்தான். நடக்க வெச்சுக் கூட்டிட்டு வரத்தான் சேர்க்கறோம்." இதைச் சொல்லச் சொல்லத்தான் எனக்கே ஒன்று தெளிவானது. பெரியம்மாவை நன்றாக வைத்துக்கொள்ளும் இடம் மட்டும் போதாது. வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதையே வேலையாக நினைக்கும் இடம் வேண்டும்.

பெரியம்மாவிடமும் கேட்டோம். அவர் உடம்பு, அவர்தானே சொல்ல வேண்டும். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "நடக்க... வெப்பாங்களா கண்ணு?" என்றார். போன இடத்தில் எல்லாம் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டேன்.

முதலில் ஏற்காட்டுப் பேச்சு வந்தது. குளுகுளுவென்று இருக்கும், நல்ல காற்று, காப்பித் தோட்டம், மனசுக்கு ஆறுதல் என்று அண்ணனுக்கு ஆசை. எனக்கும் ஏற்காடு பிடிக்கும். ஆனால் ஒரு தடவை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு உண்டு. அப்படி வந்தால் உடனே சி.டி. ஸ்கேன் எடுத்து, ரத்தக்கட்டு என்றால் அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு வாய் கோணியதை யாராவது கவனித்து, வண்டி வந்து, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, 30 கிலோமீட்டர் கடந்து சேலம் வர வேண்டும் என்று கணக்குப் போட்டால் நெஞ்சு பதறுகிறது. இன்னொன்று, மலையில் நடைபாதை எல்லாம் ஏற்ற இறக்கம். புதிதாக நடை பழகுகிறவருக்குச் சமதளம் வேண்டும். ஏற்காட்டுக்கு பெரியம்மா நடக்க ஆரம்பித்தபின் சுற்றிப் பார்க்கப் போகலாம் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தேன்.

அடுத்து ஊருக்குள் ஒரு பெரிய இடம். வாசலில் கண்ணாடிக் கதவு, வழவழவென்று தரை, ஒவ்வொரு அறையிலும் டி.வி. வரவேற்பில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். "நடக்க வைப்பீங்களா?" என்றதற்கு "எங்ககிட்ட எல்லா வசதியும் இருக்கு மேடம்" என்று பதில். அறைகளைப் பார்க்கப் போனோம். ஒரு கட்டிலின் தலைமாட்டில் புரட்டிப் படுக்க வைக்கும் அட்டவணை ஒட்டியிருந்தது. தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பின் பின்பக்கத்திலும் குதிகாலிலும் தோல் செத்துப் படுக்கைப் புண் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சரி, அட்டவணை வைத்திருக்கிறார்களே என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். அப்போது மணி காலை பதினொன்று. அட்டவணையில் மாலை ஆறு மணி வரைக்கும் டிக் போட்டிருந்தது. ஒரே பேனா, ஒரே கை. கணக்கு எழுதுகிறவள் கண்ணுக்கு அது தப்பாது. அதற்குமேல் அங்கே நிற்க மனம் வரவில்லை.

அங்கேயே இன்னொன்றும் கவனித்தேன். ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பையன்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு கை, அக்குளில் பிடித்து அப்படியே தூக்கினார்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்பட்டை மூட்டு நழுவக்கூடும், அந்த வலி மாதக்கணக்கில் நிற்காமல் போகலாம். வலி வந்துவிட்டால் அவர் பயிற்சிக்கே ஒத்துழைக்க மாட்டார். இடம் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை நின்று பாருங்கள். கட்டிடத்தையும் தோட்டத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டயப்பர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பல இடங்களில் சேர்த்த அன்றே எல்லோருக்கும் டயப்பர் கட்டிவிடுகிறார்கள். ராத்திரிக்குக் கட்டுவது வேறு. பகலிலும், சிறுநீர் வருவதைச் சொல்லத் தெரிந்தவருக்கும் கட்டினால், அவரை எழுப்பி நடத்த யாருக்கும் நேரமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கழிப்பறைக்குப் போய் வருவதே பெரிய பயிற்சி. எழுந்து உட்கார வேண்டும், நிற்க வேண்டும், நாலு அடி வைக்க வேண்டும், திரும்ப வேண்டும். ஒரு நாளில் ஐந்தாறு தடவை அது நடந்தால், பிசியோதெரபிஸ்ட் வந்து அரை மணி நேரம் செய்துவிட்டுப் போவதைவிட அதிகம். அதனால் "டயப்பர் மாத்துவீங்களா?" என்று கேட்காமல் "பாத்ரூமுக்கு எத்தனை மணிக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டேன். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை என்று தயங்காமல் சொன்ன இடத்தைத்தான் கடைசியில் எடுத்தோம். சிறுநீர்க் குழாயோடு வருகிறவர்களுக்கு அதை எப்போது எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். தேவையில்லாமல் நாளாக நாளாக உள்ளே இருந்தால் தொற்று வரும்.

நாங்கள் எடுத்த இடம் கொண்டலாம்பட்டிப் பக்கம். பார்த்தால் சாதாரண இரண்டு மாடி வீடு, பெயின்ட் கூட மங்கித்தான் இருந்தது. பொறுப்பில் இருந்த சிஸ்டரிடம் நான் கேள்வி கேட்கும் முன்னால் அவர் என்னைக் கேட்க ஆரம்பித்தார். வீட்டு வாசலில் எத்தனை படி? கைப்பிடி உண்டா? கழிப்பறை இந்தியனா, வெஸ்டர்னா? கட்டில் எவ்வளவு உயரம்? ராத்திரி பக்கத்தில் யார் படுப்பார்கள்? பெரியம்மா என்ன வேலை செய்துகொண்டிருந்தார்? மாதக் கட்டணம் பற்றிய பேச்சு இதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. வீட்டுக்கு அனுப்ப நினைப்பவர்தானே வீட்டைப் பற்றி விசாரிப்பார்! எனக்கு அங்கேயே பாதி முடிவாகிவிட்டது.

மீதி முடிவு, அவர் ஒரு அம்மாவை நாற்காலிக்கு மாற்றியதைப் பார்த்தபோது. வீல்சேரை அந்த அம்மாவுக்குப் பலமுள்ள பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சாய்வாக நிறுத்தினார். இரண்டு பிரேக்கும் போட்டு, கால் வைக்கும் தகட்டை மடக்கினார். அந்த அம்மாவைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இடுப்பில் ஒரு அகலமான பெல்ட். பலமில்லாத முழங்கால் மடங்கிவிடாமல் தன் முழங்காலை அதற்கு முட்டுக் கொடுத்தார். "நல்லா முன்னால குனிங்கம்மா, மூணு சொன்னதும் எந்திரிங்க." எழுந்தது அந்த அம்மாதான்; சிஸ்டர் விழாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். பெரியம்மாவும் இப்படித்தான் எழ வேண்டும் என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

சாப்பாட்டு நேரத்திலும் போய்ப் பாருங்கள். பக்கவாதம் வந்தவர்கள் பலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். தண்ணீர் குடித்தால் புரையேறும், அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னக் கரண்டியில், ஒரு வாய் விழுங்கியபின் அடுத்த வாய் என்று கொடுக்க வேண்டும். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. பெரியம்மாவை அங்கே பேச்சுப் பயிற்சியாளர் சோதித்துவிட்டு, தண்ணியாக எதுவும் வேண்டாம், கெட்டியான கேப்பைக் கூழ் மாதிரி கொடுங்கள் என்றார். பெரியம்மா கேட்டது தட்டுவடை செட். உதிர்ந்து தொண்டையில் சிக்கும் என்று அது ரொம்ப நாள் தள்ளிப்போனது, பாவம்.

ராத்திரி எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரு எண்ணிக்கை சொல்வார்கள். சொல்லாமல் ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் நின்றால் உண்மை தெரியும். மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறது, தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் என்றால் ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பது முக்கியம். மாலை ஐந்தரைக்கே சாப்பாட்டை முடித்துவிட்டு ஊசியும் போட்டால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை சொல்வார்கள். அதில் என்னென்ன அடங்கும் என்பதை எழுதி வாங்குங்கள். டயப்பர், கிளவுஸ், காற்று மெத்தை வாடகை, பிசியோ, டாக்டர் வந்து பார்ப்பது, ரத்தப் பரிசோதனை என்று தனித்தனியாக ஏறும். குறைந்த தொகை சொன்ன இடம் இதையெல்லாம் கூட்டினால் அதிகத் தொகை சொன்ன இடத்தைத் தாண்டிவிட்டது. முன்பணம் எப்போது திரும்பும், இடையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அந்த நாட்களுக்குக் கட்டணம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அண்ணன் ஆபீஸ் இன்ஷூரன்ஸை நம்பியிருந்தார், கிடைக்கவில்லை. ஓய்வுக்காகவும் மறுவாழ்வுக்காகவும் மட்டும் சேர்வது, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்திருக்கும் பொதுவான விலக்குகளிலேயே இருக்கிறது. பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. வயதானவர்களின் பிள்ளைகள் இதை முன்னாலேயே படித்து வைப்பது நல்லது. மருத்துவம் பார்க்கும் இடம் என்றால் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும், அதையும் கேட்டுப் பாருங்கள். முதியோருக்கான 14567 உதவி எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

கொஞ்ச நாள் போனதும் அந்த மையத்தில் எங்களை ஒரு நூல்கண்டும், தறிக்கு நூல் சுற்றி வைக்கும் தார்க்குச்சியும் கொண்டுவரச் சொன்னார்கள். பெரியம்மாவின் வலது கையைப் பயிற்சியாளர் தன் கையால் பிடித்துக்கொள்ள, தார் சுற்றும் வேலை. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், இதை விடாமல் செய்தார். நூல் இழை தளர்ந்தபோது "இழு... இழு" என்று பயிற்சியாளருக்கே சொல்லிக் கொடுத்தார். பக்கவாதத்துக்குப் பிறகு நான் கேட்ட தெளிவான வார்த்தை அதுதான். என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று முதல் நாளே சிஸ்டர் ஏன் கேட்டார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

வீட்டுக்கு வருவதற்குமுன் சிஸ்டர் போட்ட பட்டியல்படி எல்லாம் செய்தோம். வாசல் படிக்கு இடது பக்கம் கைப்பிடி, இந்தியன் கழிப்பறைமேல் வைக்க ஒரு கமோடு நாற்காலி, கட்டில் காலுக்கு அடியில் கட்டை, கூடத்தில் வழுக்கும் கால்மிதிகளை எல்லாம் எடுத்தாயிற்று. அண்ணனும் நானும் மையத்துக்குப் போய், அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றப் பழகிக்கொண்டோம். பழகாமல் அனுப்ப மாட்டேன் என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரியம்மா வாக்கர் பிடித்துத்தான் வந்தார். இப்போது நாலு கால் ஊன்றுகோல். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள், பிசியோதெரபியும் உண்டு. சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். வலது கை விரல்கள் இன்னும் முழுதாக விரியவில்லை. அதற்கு மட்டும் அந்த மையத்துக்கே வெளிநோயாளியாகக் கூட்டிப் போகிறோம்.