தண்டவாளத்தின் ஓரமாக ஒரு வாரம்

ஜூன் 22, 2024, சனி. ரோஸ்வில், கலிபோர்னியா

அண்ணன் வேகாஸில் ஓட்டல் தேடிக்கொண்டிருந்தான். "யூட்டா போகலாம்ணா. அமெரிக்காவைக் கிழக்கு மேற்காக இணைச்ச முதல் ரயில் பாதை எங்கே போய் முட்டிச்சோ அங்கே" என்றேன். "தண்டவாளம் பார்க்கவா இவ்வளவு தூரம் பறந்து வந்தே?" என்று சிரித்தான். அண்ணி என் பக்கம் பேசியதால் சரி என்றான்.

இன்று சாக்ரமென்டோ ரயில்வே மியூசியம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தங்க ஆணி. 1869 மே மாதம் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த பாதைகள் சேர்ந்த விழாவுக்குச் செய்த ஆணியின் ஜோடி இது. விழாவில் வைத்தது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் பக்கங்களில் கம்பெனி இயக்குநர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள்.

இந்த மேற்குப் பாதையின் முதலாளிகள் நாலு பேரும் சாக்ரமென்டோ வியாபாரிகள். ஸ்டான்ஃபோர்ட் மளிகை, கிராக்கர் ஜவுளி, ஹன்டிங்டனும் ஹாப்கின்ஸும் இரும்புக்கடை. சியரா நெவாடா மலையைத் தாண்ட வழி கண்டுபிடித்த இன்ஜினியர் தியடோர் ஜூடா இவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு, புது முதலாளி தேடி பனாமா வழியாக நியூயார்க் போனார். வழியில் மஞ்சள் காய்ச்சல் தொற்றி 1863 நவம்பரில் இறந்துவிட்டார். ஆனால் தங்க ஆணிக்குப் பக்கத்தில் தாமஸ் ஹில் வரைந்த பெரிய ஓவியத்தில், 1869 விழாக் கூட்டத்தில், ஜூடாவும் நிற்கிறார்! செத்தவருக்கும் இடம் கொடுத்த ஓவியம். இதை மனதில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

வெயில். வெளியே போகவில்லை, படித்துக்கொண்டிருந்தேன்.

1862இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டப்படி அரசாங்கம் மைலுக்கு இவ்வளவு என்று கடன் கொடுத்தது. சமவெளிக்கு 16,000 டாலர், மலைக்கு 48,000. அப்படியென்றால் மலை எங்கே ஆரம்பிக்கிறது? சாக்ரமென்டோவிலிருந்து ஏழே மைலில், ஆர்கேட் ஓடையிலேயே ஆரம்பிக்கிறது என்று எழுதி வாங்கிவிட்டார்கள். மண்ணின் நிறம் அங்கே மாறுகிறதாம்! அண்ணன் தினமும் வேலைக்குப் போகும் வழி அது. "அங்கே ஒரு ஸ்பீடு பிரேக்கர் உயரம்கூட இல்லையே" என்றான்.

மாலையில் கூலிக் கணக்குகளைப் பற்றிப் படித்தேன். 1865இல் ஆள் பற்றாக்குறை. சோதனைக்கு ஐம்பது சீனர்களைச் சேர்த்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் 10,000 பேருக்கும் மேல் ஆகிவிட்டார்கள், மேற்குப் பாதையில் வேலை செய்தவர்களில் பத்துக்கு எட்டு பேராவது சீனர்கள். பெரும்பாலும் குவாங்டோங் மாகாணத்துக் கிராமத்துப் பையன்கள். சம்பளம் ஆளுக்கு ஆள் அல்ல. ஒரு கும்பலுக்கு மொத்தமாக, தலைவன் கையில். நம் ஊர் ஆட்கள் இலங்கைத் தோட்டத்தில் பார்த்த கங்காணி ஏற்பாடு நினைவுக்கு வந்தது. அதனால் கணக்குப் புத்தகத்திலும் பெரும்பாலும் தலைவன் பெயர்தான் இருக்கிறது.

ஜூன் 25, செவ்வாய். டோனர் கணவாய்

ஸ்வெட்டர் எடுத்துக்கொள் என்று அண்ணி சொன்னதைக் கேட்டிருக்கலாம். சுமார் 7,000 அடி உயரம். ஜூன் கடைசியிலும் நிழலில் பனி கிடக்கிறது.

ஆறாம் எண் சுரங்கப்பாதை, 1,659 அடி நீளம். 1993இல் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். உள்ளே நடந்து போனோம். வாசலில் ஸ்ப்ரே பெயின்ட் கிறுக்கல்கள், பத்து அடி போனதும் ஐஸ் பெட்டியைத் திறந்தது போல் குளிர். கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அண்ணன் செல்போன் லைட்டைச் சுவரில் அடித்தான். கருங்கல்லில் பாதி வட்டமாக, விரல் நுழையும் அளவுக்கு ஒரு நீளக் கோடு. வெடிமருந்து வைக்க உளி இறக்கிய துளை, வெடித்த பிறகு நின்றுபோன பாதி. ஒருவன் உளியைப் பிடித்துத் திருப்ப, மற்ற இருவர் மாறி மாறிச் சம்மட்டி அடிப்பார்கள். கோட்டில் விரலை வைத்துத் தடவினேன். அடுத்தது ஒரு முழம் தள்ளி. அதற்கடுத்தது. எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

இரண்டு முனையிலிருந்தும், நடுவில் மேலிருந்து கிணறு மாதிரி இறக்கி அங்கிருந்து இரண்டு பக்கமுமாக, நாலு முகத்தில் வேலை. அப்படியும் ஒரு முகத்தில் நாளெல்லாம் அடித்தால் ஒரு அடியும் கொஞ்சமும்தான். பிறகு நைட்ரோகிளிசரினை அங்கேயே காய்ச்சி எடுத்து வேகம் கூட்டினார்கள். 1866-67 குளிர்காலத்தில் 44 பனிப்புயல். பனிக்கு அடியில் வழி குடைந்து, குடிசையிலிருந்து வேலைக்கும் திரும்பவும் எலி மாதிரி போய்வந்தார்கள். சரிவில் பனி சரிந்து முகாமையே மூடிய பிறகு, வசந்தத்தில்தான் உடல்கள் கிடைத்தன. எத்தனை பேர் என்று கம்பெனி எழுதி வைக்கவில்லை.

வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்து பிளாஸ்க் டீ குடித்தோம். அவர்களும் டீதான். சமையல்காரன் காய்ச்சி, காலி வெடிமருந்துப் பீப்பாயில் ஊற்ற, காவடித்தண்டில் சுமந்து வருவார்கள். கொதித்த தண்ணீர் என்பதால் வயிற்றுப்போக்கு அவ்வளவாக இல்லை. ஓடைத் தண்ணீரை அப்படியே குடித்த வெள்ளைக்காரத் தொழிலாளிகள்தான் படுத்தார்கள்.

இன்றைய தேதியை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். 1867 ஜூன் 25 அன்று இந்த மலையில் சீனத் தொழிலாளிகள் சில ஆயிரம் பேர் கருவியைக் கீழே வைத்துவிட்டார்கள். மாதம் 40 டாலர், சுரங்கத்துக்குள் 8 மணி நேர வேலை, அவ்வளவுதான் கேட்டது. வெள்ளைக்காரனுக்குச் சாப்பாடு கம்பெனி கணக்கு, இவர்களுக்குச் சொந்தச் செலவு. ஒரு கலவரம் இல்லை, சத்தம்கூட இல்லை. கிராக்கர் அரிசி வண்டிகளை மேலே வரவிடாமல் நிறுத்தினார். ஒரு வாரத்தில் பசி அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தது. ஜவுளிக்கடைக்காரர் அல்லவா, சரக்கு நின்றால் என்ன ஆகும் என்று தெரியாதா!

ஜூன் 26, புதன். நெவாடா

நாளெல்லாம் கார். புதர், உப்புத்தரை, மறுபடி புதர். அரசாங்கம் கம்பெனிக்குப் பாதையின் இருபுறமும் ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் நிலம் கொடுத்ததால், இந்தப் பக்கத்து நில வரைபடம் இன்றும் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கிறது. பூர்வகுடிகளின் நிலம் அது. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யூட்டா எல்லை நெருங்கியதும் செல்போன் கடிகாரம் ஒரு மணி நேரம் தாவியது. அதுவும் ரயில்காரர்கள் வேலைதான். ஊருக்கு ஒரு நேரம் என்று இருந்ததை 1883 நவம்பர் 18 அன்று தாங்களே நேர மண்டலமாகப் பிரித்துக்கொண்டார்கள். நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது 1918இல்.

ஜூன் 27, வியாழன். பிராமன்டரி

இரண்டு பாதைகளும் சேர்ந்த இடம் இதுதான். பொட்டல்காடு. நடுவில் எதிரெதிராக இரண்டு எஞ்சின்கள், அன்று விழாவில் நின்ற ஜூபிடரும் 119-ம். 1979இல் செய்த நகல்கள். சிவப்பும் பித்தளையுமாகக் கல்யாண வண்டி மாதிரி மினுங்குகின்றன.

விழாவில் வைத்த அந்தத் தங்க ஆணியில் மே 8 என்று பொறித்திருக்கிறது. விழா நடந்தது மே 10. கிழக்குக் கம்பெனியின் துணைத் தலைவர் டியூரன்ட் வந்த ரயிலை, சம்பள பாக்கி கேட்டு அவருடைய தொழிலாளிகளே வழியில் மடக்கிவிட்டார்கள்! எனக்கு இந்த விழாவிலேயே பிடித்த சங்கதி இதுதான்.

கடைசித் தண்டவாளங்களில் ஒன்றைத் தூக்கி வந்தது சீனக் கும்பல். விழா முடிந்ததும் மேற்பார்வையாளர் ஸ்ட்ரோபிரிட்ஜ் சீன மேஸ்திரிகளைத் தன் பெட்டிக்கு விருந்துக்கு அழைத்தார், எல்லோரும் கைதட்டினார்கள் என்று எழுதி இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பாட்டிலை நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பிரபலமான போட்டோவில் தேடினேன். ஒரு சீன முகமும் தெரியவில்லை.

1969இல் இங்கேயே நூற்றாண்டு விழா. பேச வந்த போக்குவரத்துத் துறைச் செயலர், முப்பது அடிப் பனியில் மலையைக் குடைய அமெரிக்கர்களைத் தவிர வேறு யாரால் முடியும் என்று கேட்டாராம். குடைந்தவர்கள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கவே அன்றைய சட்டத்தில் இடமில்லை. 1882இல் சீனத் தொழிலாளி யாரும் உள்ளே வரக்கூடாது என்று தனிச் சட்டமே போட்டார்கள்.

அண்ணன் ரொம்ப நேரம் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேகாஸ் பற்றிப் பேசவில்லை.

ஜூன் 29, சனி. ரோஸ்வில்

இத்தனை ஆயிரம் பேரில் ஒருவர் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ இதுவரை கிடைக்கவில்லை. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் சீனக் கிராமங்கள் வரை போய்த் தேடினார்கள்.

அந்த ஐம்பது பேருக்கும் முன்னால், 1864 ஜனவரிக் கூலிக் கணக்கிலேயே இரண்டு சீனப் பெயர் இருக்கிறது: ஹங் வா, ஆ டாய். 'ஆ' என்பது பெயரே அல்ல, கான்டனீஸில் கூப்பிடும்போது முன்னால் சேர்ப்பது. கணக்குப் பிள்ளைக்குக் காதில் விழுந்தது அவ்வளவுதான். இருவருக்கும் கீழே 23 பேர் கொண்ட ஒரு கும்பல். அந்த 23 பேரின் பெயர் இல்லை.

ஷூவில் இன்னும் சுரங்கத்துச் சேறு. அண்ணி கழுவப் போனாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.