மூன்றாவது மிதவை

மார்ச் 2

போன வாரத்துக் குப்பிகளின் ரிசல்ட் வந்தது. ஏரி விடும் வாயுவைப் பிடிக்க நீரில் கவிழ்த்து மிதக்கவிட்ட பெட்டிகளில் மூன்றாவது மிதவை திரும்பவும் காலை வாரிவிட்டது. பத்து நிமிடத்துக்கு ஒரு சிரிஞ்சு, மொத்தம் நான்கு. மீத்தேன் 3, 5, 8 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று படியேறி வந்து, நான்காவதில் 190. மற்ற மிதவைகள் எல்லாம் சமர்த்துப் பிள்ளைகள்.

மார்ச் 3

சார் ஒரே வரியில் முடித்துவிட்டார்: அந்தப் புள்ளியைத் தூக்கிவிடு. நேர்க்கோட்டில் உட்காராத எதுவும் அவருக்கு ஆகாது. ஓரத்தில் கசிந்திருக்கும் என்கிறார். கசிந்தால் எண் எகிறுமா? வெளிக்காற்றில் மீத்தேன் முழுசாக 2 பிபிஎம்கூட இல்லை, அது உள்ளே புகுந்திருந்தால் எண் இறங்கித்தான் இருக்க வேண்டும். சேற்றிலிருந்து குமிழி கிளம்பி நேராக மிதவைக்குள் வந்து உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். கரைந்து மெதுவாக மேலே வரும் மீத்தேன் வேறு கதை, ஆக்சிஜன் உள்ள நீரை எட்டியதும் அதைத் தின்னவென்றே காத்திருக்கும் பாக்டீரியாக்களிடம் பெரும்பகுதி போய்விடும். குமிழி அவற்றுக்கு அகப்படாது. இரண்டு மீட்டர் ஆழம்தானே, பத்து நொடி போதும் மேலே வர. அப்படியானால் இத்தனை நாள் பிழை என்று தூக்கிப் போட்ட புள்ளிகள் எல்லாம்?

மார்ச் 4

போன் வரவில்லை.

மார்ச் 6

தூக்கம் இல்லை. கழியை ஊன்றினேனா இல்லையா? நான்காவது சிரிஞ்சு எடுக்கும்போது காற்று படகைத் தள்ளியது, மிதவைக் கயிறு விறைத்தது, படகை நிறுத்தக் கழியைச் சேற்றில் ஊன்றின மாதிரி ஒரு நினைவு. அது இரண்டாவது மிதவையிலா? நோட்டில் 'காற்று' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன், என்ன காற்று, எப்போது, ஒன்றும் இல்லை. ஊன்றியிருந்தால் அந்த 190 ஏரி விட்டது இல்லை, நான் கிளப்பிவிட்டது. இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா 1776இல் அங்குள்ள மஜோரே ஏரிக்கரையில் இதையேதான் வேண்டுமென்று செய்தார். சேற்றைக் கிளறி, வந்த குமிழிகளைக் குப்பியில் பிடித்து, கொளுத்தியும் பார்த்தார். அவர் கிளறினால் கண்டுபிடிப்பு, நான் கிளறினால் தப்பு.

மார்ச் 7

இரவு இரண்டு மணி மாதிரி. சிரிஞ்சில் பாதி ஏரி நீர், பாதி காற்று, நீரில் கரைந்த வாயு காற்றுக்கு வர அடைப்பைத் திருகி ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். உள்ளங்கைச் சூட்டில் நீர் சூடேறினால் கணக்கு தப்பும் என்று நுனி விரல்களால் பிடித்துப் பிடித்து விரல் மரத்துவிட்டது. பகலில் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும், இரவில் இழுக்க ஆள் இல்லை, எல்லா உயிரும் சேர்ந்து வெளியே விடுவது மட்டும்தான். ஆனால் மாதிரி எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் விடிந்து காபி குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள். நானும் அந்தக் கட்சிதான், இந்த வாரம் வரை. இப்போது எப்படியும் விழித்துத்தானே கிடக்கிறேன்.

மார்ச் 9

ஆறு, ஏரி எல்லாம் நிலத்தின் கார்பனைக் கடலில் கொண்டு சேர்க்கும் வெறும் குழாய் என்றுதான் ரொம்ப நாள் கணக்குப் போட்டார்கள். 2007இல் சூழலியலாளர் ஜோனாதன் கோலும் கூட எழுதியவர்களும் அந்தக் குழாய் ஓட்டை என்று காட்டினார்கள்: ஆண்டுக்குச் சுமார் 190 கோடி டன் கார்பன் உள்ளே வருகிறது, கடலுக்குப் போய்ச் சேர்வது 90 கோடி. மீதியில் கொஞ்சம் அடியில் படிகிறது, பெரும்பகுதி காற்றுக்கு. 2013 மதிப்பீடு இன்னும் ஒரு படி மேலே: கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுவது மட்டுமே 210 கோடி டன், அதிலும் ஏரிகளைவிட ஓடைகளும் ஆறுகளும்தான் மிக அதிகம். இவ்வளவையும் படித்துவிட்டு என் கண் நின்றது 190இல். எங்கே போனாலும் அந்த எண்.

மார்ச் 10

ரிசல்ட் இல்லை. இரண்டுமே.

மார்ச் 12

குமிழி பிடிக்கப் புனல் போட்டாயிற்று. கவிழ்த்த பெரிய புனல் இரண்டு, கழுத்தில் அளவு கோடு போட்ட குழாய், நங்கூரத்துக்கு ஒரு கல். படகு கிட்டேயே போகாது, கழியைக் கரையில் விட்டுவிட்டேன், இனி வருவது எதுவானாலும் ஏரியுடையது. இப்போது வேண்டியது காற்றழுத்தம் இறங்குவது. காற்றழுத்த அலகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் ஏரியில் ஒரு சென்டிமீட்டர் நீர் வற்றின மாதிரி, சேற்றில் அமுங்கிக் கிடக்கும் வாயுவுக்கு அந்த இளக்கமே போதும்.

மார்ச் 13

பூஜ்ஜியம். இரண்டு புனலிலும். பாரோமீட்டர் முள் அடித்து வைத்த ஆணி மாதிரி நிற்கிறது.

சார் சொன்னதே சரியோ.

மார்ச் 14

போன் வந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 15

காலையிலிருந்து அழுத்தம் 7 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கிறது. நாலரை மணிக்குக் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தேன், எதையும் அளக்கத் தோன்றவில்லை. முதலில் மீன் என்று நினைத்தேன். அப்புறம் அதே இடத்தில் மறுபடி, பக்கத்தில் இன்னொரு இடத்தில் சரம் சரமாக, பொடிப்பொடியாக வந்து நடுவில் ஒன்று மட்டும் கோலிக்குண்டு பருமன், மேலே வந்து ஒரு கணம் அரைவட்டமாக நின்று உடைந்தது. மிதவைகள் எல்லாம் அறையில் கிடக்கின்றன. ஏரியில் ஒரு ஆள் இல்லை. எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டேன்.

இருட்டுமுன் துடுப்பை மட்டும் போட்டு மெதுவாகப் போய்ப் பார்த்தேன். முதல் புனலில் 34 மில்லி. இரண்டாவதை எடுக்கும்போது டார்ச்சு