நடக்காத பிள்ளைக்கும் இடுப்பு உண்டு

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்களும் பாட்டிகளும் முதலில் கேட்பது, "பிள்ளை நடக்குமாம்மா?" என்பதைத்தான். பெருமூளை வாதம், அதாவது சிறுவயதிலேயே மூளையில் ஏற்பட்ட சேதத்தால் உடல் அசைவு பாதிக்கப்படும் நிலை, உள்ள குழந்தைகளுக்கு பிசியோதெரபி செய்வது என் வேலை. பெற்ற மனம் வேறு எதைக் கேட்கும்? ஆனால் எல்லாரும், சில சமயம் வைத்தியம் பார்க்கும் நாங்களும், அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகிறோம். நடக்க வாய்ப்பில்லாத பிள்ளைக்கு என்ன செய்வது என்ற பேச்சே எழுவதில்லை. அவர்களுக்குத்தான் வைத்தியம் அதிகம் தேவை.

மூளையில் ஏற்பட்ட சேதம் கூடுவதில்லை. உடம்பு வளர்கிறதே! இறுகிய தொடைத் தசை இழுத்துக்கொண்டே இருக்கும். எழுந்து நிற்காத பிள்ளைக்கு இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமாக அமையாது. தொடை எலும்பின் தலை மெல்ல வெளியே நகரும். பெருமூளை வாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. தலையைக்கூட நிறுத்த முடியாத, பாதிப்பு மிகக் கடுமையான ஐந்தாம் நிலைப் பிள்ளைகளில் இது பத்துக்கு ஒன்பது பேர் வரை போகலாம். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி தெரியாது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மா ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "இப்பல்லாம் பேம்பர்ஸ் மாத்தும்போது அழுவுறான் மிஸ்." பையனை மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு முழங்கால்களையும் மடக்கிப் பார்த்தேன். இடது முழங்கால் வலதைவிடத் தாழ்ந்திருந்தது. வலது தொடை ஓரளவு விரிந்தது; இடது தொடை கொஞ்சம் விரிந்ததுமே அழத் தொடங்கிவிட்டான். எக்ஸ்ரேயில் எலும்பின் தலை பாதிக்கு மேல் கிண்ணத்துக்கு வெளியே இருந்தது. அதற்குமுன் அவனுக்கு இடுப்பைப் படம் எடுத்ததே இல்லை. வலிப்புக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, எடை ஏறாததற்கு ஒன்று என்று எல்லா கிளினிக் அட்டைகளையும் அந்த அம்மா பத்திரமாக வைத்திருந்தார். ஒரு தவணையைக்கூட அவர் தவறவிட்டதில்லை. எனக்கு மனசு ஆறவேயில்லை.

இதை விதி என்று நான் ஏற்கமாட்டேன். சுவீடனின் தென்பகுதியில் 1994-இல் பெருமூளை வாதப் பிள்ளைகளை ஒரே பதிவேட்டில் சேர்த்து, சிறுவயதிலிருந்தே தவணை தவறாமல் இடுப்பைப் பார்க்கத் தொடங்கினார்கள். மூட்டு முழுதாக விலகுவது அங்கே அநேகமாக இல்லாமலே போய்விட்டது. எலும்பின் தலையில் 30 விழுக்காட்டுக்கு மேல் வெளியே வந்துவிட்டால் எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். அந்தக் கட்டத்தில் சிலருக்குத் தசையைத் தளர்த்தும் சிறிய அறுவை சிகிச்சையே போதும். விட்டுவிட்டால் எலும்பையே வெட்டித் திருத்த வேண்டிவரும். போட்டாக்ஸ் ஊசி சில மாதங்களுக்குத் தசையை இளக்கும், சரி. ஆனால் ஊசி போட்டாயிற்று என்று எக்ஸ்ரேயை விடக்கூடாது. பாட்டிகள் எண்ணெய் போட்டு இதமாக நீவுவதையும் நான் தடுப்பதில்லை, பிள்ளைக்கு அது சுகம். எலும்பு நகர்வதை அதனால் நிறுத்த முடியாது.

தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பாக்லோஃபென் மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை தூங்கி வழிகிறது என்று சில வீடுகளில் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போன இடத்தில் தீர்ந்துபோவதும் உண்டு. திடீரென்று நிறுத்தினால் இறுக்கம் முன்னைவிட மோசமாகத் திரும்பும், வலிப்பும் வரலாம். குறைப்பதென்றால் டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதனால் பெருநாள் நெருங்கினால் மருந்து எவ்வளவு மிச்சம் என்று கேட்டுவிடுவேன்.

நிபுணரைப் பார்க்க ஈப்போ நகருக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் நிபுணரைப் பார்க்கும் நாளிலேயே எக்ஸ்ரேயும் அமையும்படி முன்கூட்டியே போன் போட்டுக் கேட்கிறேன். அமையாவிட்டால் அடுத்த தேதியை வாங்கி, பிள்ளையின் அட்டையில் நானே எழுதித் தருகிறேன்.