18 வெள்ளித் தண்ணீர்

போன மாதம் 18 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து 2 மில்லி தண்ணீர் வாங்கினேன். முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

கோலாலம்பூரில் ஒருவர் விலை உயர்ந்த வாசனைத் திரவியங்களைச் சின்னக் குப்பிகளில் ஊற்றி விற்கிறார். அவரிடம் மாலிக்யூல் 01 என்ற செண்டைக் கேட்டிருந்தேன். சுங்கை சிப்புட்டுக்குத் தபாலில் வந்தது. கைப்பேசிக் கடையைத் திறந்த கையோடு மணிக்கட்டில் அடித்துப் பார்த்தேன். ஸ்பிரிட் நெடி ஒரு நொடி வந்தது, அப்புறம் ஒன்றுமே இல்லை. நம்மை ஏமாற்றிவிட்டார் என்று அவருக்கு நாலு வரி காட்டமாக எழுதினேன். நல்லவேளை, அதற்குள் வாடிக்கையாளர் வந்துவிட்டதால் அனுப்பவில்லை.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். குழம்பு ஊற்ற வந்த அம்மா, கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"பலகை அறுக்கிற எடத்துக்கா போயிட்டு வர்ற? பென்சில் சீவின மாதிரி மணக்குது."

சரி, தண்ணீர் இல்லை.

இதைச் செய்வது எசென்ட்ரிக் மாலிக்யூல்ஸ் என்ற சின்ன நிறுவனம். ஜெர்மானியரான கேசா ஷோன் 2006இல் தொடங்கியது. வழக்கமாக ஒரு செண்டில் பத்து இருபது சரக்காவது சேரும். இவர் ஒன்றே ஒன்றைத்தான் போட்டார்: ஐசோ ஈ சூப்பர். 1973இல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, எந்தப் பூவிலும் மரத்திலும் கிடையாது. மற்ற செண்டுகளில் பின்னால் நின்று தாங்கிப் பிடிக்கிற வேலைதான் அதற்கு. 1988இல் வந்த ஃபாரன்ஹைட் என்ற செண்டில் ஏறக்குறைய கால்வாசி இதுதான். ஷோன் அதைத் தனியாக முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அதே நிறுவனத்தின் மாலிக்யூல் 03இல் இருப்பது வெட்டிவேர் எண்ணெயிலிருந்து செய்யும் ஒரு பொருள். வெட்டிவேர் என்ற நம் சொல்லைத்தான் உலகமே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒற்றைச் சரக்குக்கு அந்த விலை கொழுப்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆயிரம் பூ, அரண்மனைத் தோட்டம் என்று கதை விடாத மனுஷன்.

ஐசோ ஈ சூப்பர் சிலருக்கு வாசமே வராதாம். வருகிறவர்களுக்கும் மூக்கு சீக்கிரம் பழகிப்போய் மறைந்துவிடும், பிறகு திடீரென்று திரும்பி வரும். பூசியவருக்குத் தெரியாமல் பக்கத்தில் இருப்பவர் முகர்ந்துகொண்டிருப்பார்.

இதைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது.

அப்பா பால்மரம் வெட்டினவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். கோப்பையிலும் மரத்தில் கீறிய கோட்டிலும் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைச் சாக்கில் போட்டுச் சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். பாலில் இருக்கும் புரதம் அழுகுவதால் வருகிற நாற்றம் அது. தெரியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது, தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். லைஃப்பாய் போட்டுக் குளித்தாலும் விரல் இடுக்கில் தங்கிவிடும். நான் இடைநிலைப் பள்ளி போன முதல் வருஷம், ஒருநாள் நான் இருந்த பஸ்ஸில் அப்பா ஏறினார். முன்சீட்டில் இருந்த பெண்மணி ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன், பட்டணம் வரும்வரைக்கும்.

அன்று ராத்திரி கேட்டேவிட்டேன்: "ஒங்களுக்கு நாத்தம் தெரியலயாப்பா?"

சட்டையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். "என்ன நாத்தம்?"

தெரிந்துகொண்டே நடிக்கிறார் என்று முப்பது வருஷத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா போய் எட்டு வருஷமாகிறது. அந்த ரப்பர் காட்டில் இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா கையை நீட்டினார், "எனக்குக் கொஞ்சம் அடி." முந்தானையில் இரண்டு தடவை அடித்துவிட்டேன். பாத்திரம் கழுவப் போனவர் கொஞ்ச நேரத்தில் முந்தானையை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள போயிருச்சேடா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு வந்தது, அப்போதுதான் சீவின பென்சில்.