போக்கர் சிப்ஸுக்கு லேபிள் ஒட்டப்போய்

கனடாவில இருந்து மச்சான் வரேக்க 200 போக்கர் சிப்ஸ் (போக்கர் சீட்டாட்டத்தில காசுக்குப் பதிலா வைக்கிற வட்டக் காய்) கொண்டந்து தந்தவன். 39 மில்லிமீற்றர், உள்ளுக்கு இரும்புத்துண்டு வச்ச 11.5 கிராம் சாமான், ஆனா பெறுமதி ஒண்டும் அடிக்காத வெறுங் காய். உப்புவெளியில ஞாயிறு பின்னேரம் நாங்க நாலஞ்சு பேர் கூடுறது, காசு வைக்கிறேல்ல, எண்டாலும் சிவப்பு 5ஆ 10ஆ எண்டு ஒவ்வொருமுறையும் சண்டை.

முதல்ல மார்க்கரால எழுதினன், ரெண்டு கிழமையில 25இல 2 மட்டும்தான் மிஞ்சிச்சு. பிறகு வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரால ஸ்டிக்கர் பேப்பர்ல அடிச்சன், இறால் வடை தின்ற கையும் ஐஸ் சோடா கிளாஸ் வேர்த்த தண்ணியும் சேர்ந்து அதையும் முடிச்சிட்டுது. சரி மேல லேமினேட் போடுவம் எண்டு போட்டன், அங்கதான் பிழை விட்டனான், லேமினேட் போட்டாப் பிறகுதானே வட்டமா வெட்டுறம், வெட்டின ஓரத்தில பேப்பர் திறந்துதான் கிடக்கும், நம்மட கடற்காத்துக்கு அது போதும், ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி எழும்பிச்சு.

இப்ப டவுனில ஸ்டிக்கர் அடிக்கிற கடையில வைனில் எண்ட, தண்ணி உறிஞ்சாத பிளாஸ்டிக் ஸ்டிக்கர்ல அடிச்சு, மேல சூடு வைக்காத லேமினேட் ஒட்டி எடுத்தன். ரெண்டு பக்கத்துக்கும் 400 லேபிள், ஏ4 தாளில 54 வட்டம், எட்டுத் தாள். கத்திரியால வெட்டவே கூடாது, வட்டப் பஞ்ச் ஒண்டு கட்டாயம் வேணும். சிப்ஸ் நடுவில இருக்கிற குழியை வேர்னியர் அளவுகோலால அளந்தா 26 மில்லிமீற்றர், நான் 25இல வெட்டினன். லேபிள் குழி விளிம்பில ஏறினாலோ குழியை விடத் தடிப்பமா இருந்தாலோ அடுக்கேக்க ஒண்டோட ஒண்டு உரசி உரிஞ்சுடும், அடுக்கும் ஆடும். நிறம், டிசைன் எல்லாம் பிறகு பாக்கலாம், முதல்ல குழியை அளவுங்கோ. ஒட்ட முந்தி ஸ்பிரிட்டால துடைக்கோணும்.

பொயில் (மினுங்கல் தாளைச் சூடான அச்சால அழுத்தி) அடிக்கிற முறையையும் யோசிச்சனான், அதுக்கு உலோக அச்சு வெட்டோணும், ஒரு நிறம்தான் வரும். செராமிக் சிப்ஸ் எண்டா முகம் முழுக்கப் படமே அடிக்கலாம், ஆனா அது புதுசா வாங்கிற கதை, மச்சான் கோவிப்பான்.

140 ஒட்டி முடிஞ்சுது. மனுசி மூண்டு நாளா சாப்பாட்டு மேசையைக் கேட்டுக்கொண்டு நிக்கிறா. மிச்சம் 60உம் 100 பெறுமதி போடவேண்டிய கறுப்புக் காய், லேபிள்ல அடிச்ச கறுப்பு சிப்ஸ் கறுப்போட ஒத்துப்போகேல்ல, வெள்ளைப் பின்னணியில திரும்ப அடிக்கக் குடுத்திருக்கு.